மானியப் பணத்தில் உருவான ட்ரெயில், பூங்கா: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொலராடோவிலிருந்து:

வார இறுதியில் மலையேறக் கிளம்பும் தமிழர்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்தப் பாதைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு மட்டும் நம்மிடையே அதிகம் இல்லை. எங்கள் ஊர் ட்ரெயில் குழுவில் தன்னார்வலராக இருப்பதால் எனக்கு அது கொஞ்சம் தெரியவந்தது. நான் தொடங்கி வைக்கிறேன்.

இங்கே அந்தப் பணத்தில் பெரிய பங்கு லாட்டரியிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் லாட்டரி லாபம் சிறைச்சாலை கட்டுவதற்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. 1992-ல் மக்கள் வாக்களித்து, அந்தப் பணம் பூங்காவுக்கும் காட்டுயிர்களுக்கும் நிலப் பாதுகாப்புக்கும்தான் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘கிரேட் அவுட்டோர்ஸ் கொலராடோ’. எல்லோரும் கோகோ என்பார்கள். லாபத்தில் பாதி, ஓர் உச்சவரம்பு வரை, கோகோவுக்குப் போகிறது. 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு, 10 சதவீதம் மாநிலப் பூங்காத் துறைக்கு. எங்களைப் போன்ற சின்னக் குழு நேராக விண்ணப்பிக்க முடியாது. நகராட்சி விண்ணப்பிக்கும், ஆள்பலம் எங்களுடையது.

மறக்க முடியாதது, நிதி தரும் தரப்பிலிருந்து இடத்தைப் பார்க்க வந்த அலுவலர். வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அந்த அம்மா அதைப் பார்த்த பார்வை ஒரு நிமிடம்கூட இருக்காது. நேராக ட்ரெயிலில் ஏறி, மழைத்தண்ணீர் அரித்த திருப்பத்தில் போய் நின்றார். சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாகவே நடந்து நடந்து, ஒற்றையடிப் பாதை அங்கே மாட்டு வண்டித் தடம்போல் அகன்று, ஓரத்துப் புல்லெல்லாம் செத்துக் கிடந்தது. குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தவர், “புதுசா போடுறது சரி. அஞ்சு வருஷம் கழிச்சு இந்தத் தண்ணியை யார் திருப்பி விடுவாங்க?” என்று கேட்டார். எந்த மாதம் எந்தப் பகுதி, யார் பொறுப்பு என்று எங்கள் தலைவி எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். அதன் பிறகு பேச்சு முழுக்க அந்தத் தாளைப் பற்றித்தான்.

பணம் கிடைத்தது. அதில் ஒரு பகுதி, சம்பளம் வாங்கி வேலை செய்யும் இளைஞர் படைக்கு. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் கையில் புலாஸ்கியோடு வந்து இறங்கினார்கள். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண் கொத்துவது, ஒரே கருவி. பாதையின் குறுக்கே லேசாகப் பள்ளம் சரித்து, தண்ணீர் தானாகச் சரிவில் வழிந்தோட விட்டார்கள். அந்த வருடம் பனி உருகியபோது அந்தத் திருப்பம் அசையவில்லை. என் கருத்து இதுதான்: புதுப் பாலத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் தர ஆள் உண்டு, பராமரிப்புக்குத்தான் இல்லை. அதற்கென்று மானியம் எங்கே இருந்தாலும் விடாதீர்கள்.

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து:

நீங்கள் சொல்வதுபோல் ஒரு நறுக்கான கேள்வி எங்களுக்கும் வந்தது, ஆனால் அறைக்குள். இங்கே ஆர்.சி.ஓ. என்னும் மாநில அலுவலகம்தான் பெரும்பாலான மானியங்களை நடத்துகிறது. அதன் பல திட்டங்களில் விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் படங்களோடு பேச வேண்டும், அவர்கள் கேள்வி கேட்பார்கள், அப்புறம் மதிப்பெண். அதை வைத்துத்தான் மாநிலம் முழுவதற்கும் வரிசைப் பட்டியல்.

ஏரிக்கரை நிலம் வாங்க எங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) மானியம் கேட்டபோது நானும் உடன் போயிருந்தேன். எங்கள் ஆள் பறவைகளைப் பற்றி அழகாகப் பேசினார். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், “கார் இல்லாத குடும்பம் இங்கே எப்படி வந்து சேரும்?” என்று மட்டும் கேட்டார். பேருந்து நிறுத்தம் எங்கே, அங்கிருந்து சக்கர நாற்காலி வர வழி எது என்று படத்தைத் தொட்டுக் காட்டினோம். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. பொதுப் பணத்தைத் தருகிறவர் கேட்க வேண்டிய கேள்வி.

நியூ ஜெர்சியிலிருந்து:

என் அனுபவம் தலைகீழ். மானியம் வாங்கிப் பல வருடம் கழிந்த கதை. எங்கள் ஊர்ப் பூங்காவின் ஒரு மூலையை எடுத்துக் கட்டடம் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. கூட்டத்தில், அங்கே நெடுங்காலமாக இருக்கும் ஒரு பாட்டி எழுந்து, “அந்தப் பூங்காவுக்கு மத்திய அரசுப் பணம் வந்ததே, அந்தக் கோப்பைப் பார்த்தீர்களா?” என்றார். தேடி எடுத்தார்கள். நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதியிலிருந்து வந்த பணம்.

1964-ல் சட்டமான நிதி அது. கடலுக்குள் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் தொகையிலிருந்து வருகிறது. 2020-ல் வந்த சட்டத்தால் ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக உறுதியாகியிருக்கிறது. மாநிலங்கள் வழியாக ஊர்களுக்கு வரும் பங்கில், பொதுவாகப் பாதிச் செலவு நம்முடையது. முதலில் செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்க வேண்டும். ஆனால் முக்கியமானது 6(எஃப்) என்ற பிரிவு. அந்தப் பணம் தொட்ட நிலம் என்றைக்கும் மக்களின் வெளிப்புறப் பொழுதுபோக்குக்குத்தான். வேறு உபயோகத்துக்கு எடுத்தால், குறைந்தபட்சம் அதே மதிப்பும் அதே பயனும் உள்ள வேறு நிலம் தர வேண்டும், மத்திய அரசின் நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் கவனிக்கும் இன்டீரியர் துறையின் ஒப்புதலும் வேண்டும். கட்டடத் திட்டம் அந்த வாரமே வேறு இடத்துக்குப் போனது. மூலையில் இப்போதும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பாதிப்பேர் நம்ம பிள்ளைகள்.

மீண்டும் கொலராடோவிலிருந்து:

அந்தப் பாட்டிக்கு என் வணக்கம். பாதிச் செலவு நம்முடையது என்றீர்களே, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பல திட்டங்களில் தன்னார்வலர் உழைப்பையும் நம் பங்காகக் கணக்குக் காட்டலாம். ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதை, தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான இண்டிபென்டன்ட் செக்டர் வருடாவருடம் வெளியிடுகிறது, 2023-க்கு 33.49 டாலர். ஒவ்வொரு திட்டமும் எந்த மதிப்பை ஏற்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நாளில் பெயர், நேரம், கையெழுத்து மூன்றும் அன்றைக்கே தாளில் ஏறிவிட வேண்டும். எங்கள் குழுவில் மண்வெட்டி கொடுப்பதற்கு முன்பே பேனாவைக் கொடுத்துவிடுவோம்.