மறு: ‘கன்டின்ஜென்சி மேனேஜ்மென்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘வெகுமதிப் பிணைப்பு’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு, சூதாட்டக் கோளாறு ஆகியவற்றின் சிகிச்சை ஆய்வுகளில் வரும் சொற்களைத் தொகுக்கும் இவ்விழையில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. விரும்பிய நடத்தைக்குச் சிறு வெகுமதி தரும் சிகிச்சைமுறையைக் குறிக்கும் ‘கன்டின்ஜென்சி மேனேஜ்மென்ட்’ மட்டும் பிடிகொடுக்காமல் நிற்கிறது. ‘தற்செயல் மேலாண்மை’, ‘ஊக்கப்பரிசுச் சிகிச்சை’, ‘நிபந்தனை வெகுமதி’, ‘உடன்பயன் முறை’ என நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. முதலாவது அகராதியைப் புரட்டி எடுத்தது என்பது வெளிப்படை. ஏனைய மூன்றும் சிந்தித்து எழுதப்பட்டவை. அவற்றை எடைபோடுமுன் இச்சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். செய்முறையைப் பார்த்தால் சொல்லில் எது இருந்தே ஆகவேண்டும், எது இருக்கவே கூடாது என்பது விளங்கும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களின் தொடக்கத்தில் கோகெய்ன் பழக்கத்துக்கு ஆட்பட்டோரிடம் இம்முறையைச் சோதித்தார்கள். சிகிச்சைக்கு வருபவர் வாரம் மூன்று முறை சிறுநீர் மாதிரி தருவார். அதில் கோகெய்னின் தடயம் இல்லையென்றால் அவர் கணக்கில் வவுச்சர் ஏறும். முதல் மாதிரிக்கு 2.50 டாலர், அடுத்தடுத்த சுத்தமான மாதிரி ஒவ்வொன்றுக்கும் 1.25 டாலர் கூடிக்கொண்டே போகும்; தொடர்ந்து மூன்று மாதிரிகள் சுத்தமாக இருந்தால் மேலும் 10 டாலர். 12 வாரமும் பிசகாமல் இருப்பவருக்கு 997.50 டாலர் சேரும். இடையில் ஒரு மாதிரி தவறினால், அதுவரை ஈட்டியது கையைவிட்டுப் போகாது. ஆனால் அடுத்த வவுச்சரின் மதிப்பு மறுபடியும் 2.50 டாலரிலிருந்து தொடங்கும். பின்னர் தொடர்ந்து ஐந்து சுத்தமான மாதிரிகள் தந்தால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். பணம் கையில் தரப்படுவதில்லை. சிகிச்சையின் நோக்கத்துக்கு ஒத்த பொருளையோ சேவையையோ அவர் கேட்க, ஊழியர்கள் வாங்கித் தருவார்கள். 1994இல் வெளிவந்த ஆய்வில், வவுச்சர் பெற்ற பிரிவினரில் 75 விழுக்காட்டினர் 24 வாரச் சிகிச்சையை நிறைவு செய்தனர். அதே சிகிச்சையை வவுச்சர் இல்லாமல் பெற்றவர்களில் நிறைவு செய்தோர் 40 விழுக்காட்டினர்.

அடுத்தவர் நான்சி பெட்ரி. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2018இல் தம் 49ஆம் வயதில் காலமான உளவியலாளர். வவுச்சருக்கு ஆகும் செலவைப் பொதுச் சிகிச்சை நிலையங்களால் தாங்க இயலாது என்பதால், அவர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நடுவில் வைத்தார். அதில் 500 சீட்டுகள். சரிபாதியான 250 சீட்டுகளில் பாராட்டு வரி மட்டும் இருக்கும், பரிசு கிடையாது. 209 சீட்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் பெறுமதியுள்ள சிறுபொருள், 40 சீட்டுகளுக்கு 20 டாலர் அளவிலான பொருள், ஒரே ஒரு சீட்டுக்கு 100 டாலர் அளவிலான தொலைக்காட்சிப் பெட்டி போன்ற பெரும்பொருள். மாதிரி சுத்தமாக இருந்தால் கிண்ணத்தில் கைவிட்டு எடுக்கலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கும் வாய்ப்புகள் கூடும். தவறினால் மீண்டும் ஒன்று. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு முறை எடுப்பதற்குச் சராசரியாக இரண்டேகால் டாலருக்கும் குறைவாகவே செலவாகிறது. பேருந்துக்கான டோக்கன், சோப்பு, உணவகக் கூப்பன் என்று பொருள்கள் அடுக்கிய அலமாரி அதே அறையில் இருக்கும். மதுவைச் சார்ந்திருந்த முன்னாள் படைவீரர்கள் 42 பேரிடம் அவர் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரமும் சிகிச்சையில் நிலைத்தவர்கள் கிண்ணமுறைப் பிரிவில் 84 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 22 விழுக்காடு.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> “பரிசு கொடுக்கிறார்கள், ஊக்கம் பிறக்கிறது, ஊக்கப்பரிசுச் சிகிச்சை என்றால் பாமரருக்கும் புரியுமே?”

புரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுதும் புரியாது. ஹிக்கின்ஸ் குழுவினர் 2000இல் 70 பேரிடம் செய்த ஆய்வை இங்கு கருத வேண்டும். இரு பிரிவினருக்கும் வவுச்சர் கிடைத்தது. ஒரு பிரிவினருக்குக் கோகெய்ன் இல்லாத மாதிரி தந்தால் மட்டுமே கிடைத்தது. மற்றவர்களுக்கு மாதிரி எப்படி இருந்தாலும் கிடைத்தது. முதல் பிரிவினரே கூடுதலாகக் கோகெய்னை விட்டிருந்தனர். சிகிச்சை முடிந்தபின் ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோதும் அவ்வேறுபாடு தெரிந்தது. பரிசு இரு பக்கமும் இருந்தது. வேலை செய்தது பரிசுக்கும் நடத்தைக்கும் இடையே போடப்பட்ட முடிச்சு. ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் அந்த முடிச்சுக்கு இடம் இருக்க வேண்டும். அதோடு, முடிச்சு உள்ள பரிசு, முடிச்சு இல்லாத பரிசு என்ற இணையை அதே வேரிலிருந்து பிறப்பிக்கவும் முடியவேண்டும். ஆய்வுக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது மூன்றாம் பத்தியிலேயே இந்த இணை தேவைப்படும். ‘ஊக்கப்பரிசு’ இதில் தோற்கிறது.

‘ஊக்க’ என்னும் அடைமீது எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. விளையாட்டுச் செய்திகளில் ‘ஊக்கமருந்து’ என்பது வீரர்கள் விதியை மீறி உட்கொள்ளும் மருந்து. கோகெய்ன், மெத்தாம்பெட்டமைன் வகைகளை ‘ஊக்கிகள்’ என்று குறிப்பதும் நம் தொகுப்பிலேயே ஏற்கெனவே வந்துவிட்டது. ஊக்கிப் பயன்பாட்டுக் கோளாறுக்கு ஊக்கச் சிகிச்சை என்று எழுதினால், நோயையே மருந்தாகத் தருகிறார்களோ என்று படிப்பவர் திகைப்பார். அவ்வகைக் கோளாறுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து எதுவும் இல்லாததால்தான் இம்முறைக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டது. சொல் குழம்பக்கூடாத இடமே அதுதான்.

‘நிபந்தனை வெகுமதி’ முடிச்சைக் காட்டுகிறது என்ற அளவில் நல்ல சொல்லே. யாழ்ப்பாணத்து நண்பர் சுட்டியதுபோல, இலங்கைக் கல்வி உளவியல் நூல்களில் ‘நிபந்தனைப்படுத்தல்’ என்பது கற்றல் கோட்பாட்டின் வேறொரு கருத்துக்கு முன்பே உரிமையாகிவிட்டது. தமிழ்நாட்டு வாசகருக்கோ ‘நிபந்தனை’ என்றதும் ‘நிபந்தனை ஜாமீன்’ நினைவுக்கு வரும். சிகிச்சைக்கு வருபவர்களில் நீதிமன்றம் வழியாக வருவோரும் உண்டு என்பதால், இந்த நினைவு வெறும் ஒலி ஒப்புமையோடு நிற்காது. தண்டனையின் வாடை சிகிச்சையில் ஒட்டிக்கொள்ளும்.

> “உடன் என்பதில் ‘உடனே’, ‘கூடவே’ என்ற இரு பொருளும் இருப்பதால் உடன்பயன் பொருத்தம். வினைப்பயன் என்ற பழஞ்சொல்லின் சாயலும் கிடைக்கிறது.”

இந்த முன்மொழிவைப் படித்தபோது மகிழ்ந்தேன். உடனடித்தன்மை இம்முறைக்கு உயிர்நாடி. சிறுநீர் மாதிரியைச் சோதிக்கும் கோப்பையில் சில நிமிடங்களில் முடிவு தெரிவதும், அதே இருக்கையில் சீட்டு எடுப்பதும் காரணமின்றி அமைந்தவை அல்ல. போதைப்பொருள் தரும் பயன் இந்த நொடியில் கிடைப்பது. விட்டுவிட்டால் கிடைக்கும் உடல்நலமும் குடும்ப நிம்மதியும் மாதங்கள் கழித்து வருபவை. அந்த இடைவெளியை நிரப்பவே சிறு பரிசு முன்னால் வந்து நிற்கிறது. (வினைப்பயன் அடுத்த பிறவி வரையில் காத்திருக்கும் என்பதால், சாயல் எதிர்த்திசையில்தான் விழுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) எனினும் இச்சொல்லை ஏற்க எனக்கு இரண்டு தடைகள். ஹிக்கின்ஸ் குழுவினரின் 2000ஆம் ஆண்டு ஆய்வின் இரண்டாம் பிரிவினருக்கும் வவுச்சர் உடனேதான் கிடைத்தது. எனவே ‘உடன்பயன்’ இரு பிரிவுக்கும் பொருந்திவிடுகிறது. அடுத்தது, ‘பயன்பாட்டுக் கோளாறுக்கு உடன்பயன் முறை’ என்று எழுதிப் பாருங்கள்: பயன்பாடும் பயனும் ஒன்றையொன்று இடிக்கின்றன. தனியாக நிற்கும்போது அழகாக இருக்கும் சொல், தொடரில் போய் உட்காரும்போது தடுமாறுகிறது.

ஆகவே என் முன்மொழிவு ‘வெகுமதிப் பிணைப்பு’. சிகிச்சையைக் குறிக்கையில் ‘வெகுமதிப் பிணைப்புச் சிகிச்சை’ எனலாம். நடத்தை உளவியலில் ‘கன்டின்ஜென்சி’ மட்டும் தனித்து வருமிடத்தில், தண்டனையும் அதற்குள் அடங்கும் என்பதால், ‘விளைவுப் பிணைப்பு’ எனலாம். வவுச்சர் ஆய்வின் இரு பிரிவுகளும் ‘பிணைந்த வெகுமதி’, ‘பிணையா வெகுமதி’ என்று இயல்பாகப் பிரிகின்றன. ‘மேனேஜ்மென்ட்’ என்பதைத் தமிழில் கொண்டுவரத் தேவையில்லை என்பது என் கருத்து. கொண்டுவந்தால் ‘மேலாண்மை’ என்பதா ‘முகாமைத்துவம்’ என்பதா என்று கடலின் இருகரையிலும் ஒரு தனி விவாதம் கிளம்பும், அதனால் பொருளில் எதுவும் கூடப்போவதில்லை.

‘பரிசு’ என்று சொல்லாமல் ‘வெகுமதி’ என்று சொன்னதற்குச் சூதாட்டம்தான் காரணம். கிண்ணத்திலிருந்து சீட்டு எடுப்பது குலுக்கல் போலத் தோன்றுவதால், போதையை விடவைக்கப் போய்ச் சூதாட்டத்தைப் பழக்கிவிடுவோமோ என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. பெட்ரி சூதாட்டக் கோளாற்றையும் ஆராய்ந்தவர் என்பதால் அவருக்கு இந்த ஐயம் மேலோட்டமானதாக இருந்திருக்காது. எப்போது விழும் என்று தெரியாத பரிசு நடத்தையை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துவைக்கும் என்பதைக் காசு போட்டு ஆடும் எந்திரங்களில் கண்டவர்கள், அதே விதியைக் கிண்ணத்தில் பயன்படுத்தினார்கள் என்பதே உண்மை. சூதாட்டக் கோளாற்றிலிருந்து மீண்டுவருவோரைக் கிண்ணமுறைச் சோதனையில் சேர்க்காமல் விட்டார்கள். 803 பேரின் தரவுகளை வைத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கிண்ணமுறையால் சூதாட்டம் கூடவில்லை என்று கண்டார்கள். இங்கே பங்கேற்பவர் எதையும் பணயம் வைப்பதில்லை, இழப்பதற்கும் கையில் எதுவும் இல்லை என்ற வேறுபாடு எனக்குப் பெரிதாகப்படுகிறது. 2003இல் லாட்டரி தடைசெய்யப்பட்ட தமிழ்நாட்டில் ‘பரிசுச் சீட்டு’ என்ற தொடருக்கு இன்னமும் ஒரே பொருள்தான். ‘பரிசுச் சிகிச்சை’, ‘பரிசுச் சீட்டு முறை’ என்றெல்லாம் எழுதினால், ஆய்வாளர்கள் உழைத்து விலக்கிய ஐயத்தை நாமே சொல்லில் வைத்துப் பின்வாசல் வழியே அழைத்து வந்தவர்களாவோம்.

மதுரையிலிருந்து எழுதிய மருத்துவ மாணவர் ‘சான்றுவழி வெகுமதி’ என்ற மாற்றைத் தனிமடலில் அனுப்பியிருந்தார். சோதனையில் உறுதிசெய்த பின்னரே வெகுமதி என்ற கருத்து அதில் துல்லியமாக இருக்கிறது. ஆயினும் சூதாட்டக் கோளாறில் இது நின்றுவிடும். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு சூதாட்டக் கோளாற்றைப் போதைப்பொருள் கோளாறுகளின் அத்தியாயத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. ஆனால் சிறுநீரிலோ மூச்சிலோ சூதாட்டத்தின் தடயம் தெரியாது. ஒருவர் நேற்றிரவு கைப்பேசியில் ரம்மி ஆடினாரா என்பதை எந்தச் சோதனைப் பட்டையும் சொல்லாது. எனவே சூதாட்டத்துக்கான பெரிய ஆய்வுகள் வேறு வழியில் போயின. பெட்ரி 2006இல் 231 பேரிடம் செய்த ஆய்வு அறிதல்–நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சையை, சோதித்தது. சுய உதவிக் குழுவுக்கு அனுப்பிவைப்பதோடு நிற்பதைவிட, அத்துடன் எட்டு அமர்வுகள் சிகிச்சையும் தருவது கூடுதல் பயனளித்தது. அங்கே வெகுமதியைப் பிணைப்பதென்றால், அமர்வுக்கு வருவது, வீட்டுப் பயிற்சியை முடிப்பது போலக் கண்ணால் காணக்கூடிய செயல்களோடு பிணைக்கவேண்டியிருக்கும். எதனோடு பிணைப்பது என்பதைச் சொல்லுக்குள் அடைக்காமல் விட்டால்தான் அதற்கெல்லாம் இடம் இருக்கும்.

“காசு கொடுத்து நல்லவனாக்குவது கையூட்டு இல்லையா” என்று கேட்ட அம்மையாருக்கு ஒரு சொல்: கையூட்டு ஒருவரைத் தகாத செயலைச் செய்யவைக்க மறைவில் தரப்படுவது; இதில் விதிகள் முதல்நாளே எழுத்தில் தரப்பட்டு, இருவரும் கையொப்பமிடுகிறார்கள். இந்த எதிர்ப்பு அமெரிக்காவிலும் இருந்தது, இன்றும் முற்றாக ஓயவில்லை. அப்படியிருந்தும் முன்னாள் படைவீரர் நலத்துறை 2011 முதல் தன் மருத்துவமனைகளில் இதைக் கொண்டுவந்து, அங்குள்ள சிற்றுண்டிச் சாலையிலும் கடையிலும் செல்லும் கூப்பன்களையே வெகுமதியாகத் தந்தது. கலிபோர்னியா மாநிலம் 2023இல் தொடங்கிய திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 599 டாலர் என்று வரம்பு கட்டியது. அன்றைய விதிப்படி 600 டாலரைத் தொட்டால் வரிக் கணக்கில் காட்டவேண்டியிருந்தது என்பதே அந்த ஒரு டாலர் குறைந்ததன் பின்னணி. வெர்மான்ட் ஆய்வில் 12 வாரத்துக்கே 997.50 டாலர் இருந்ததை நினைத்தால், ஆய்வில் வென்ற அளவும் நடைமுறையில் வழங்கப்படும் அளவும் ஒன்றல்ல என்பது தெரிகிறது. இத்திட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் வெகுமதியின் அளவையும் சேர்த்தே எழுதினால் நல்லது.

துணைச்சொற்களில் ஒன்று மட்டும் எனக்கு நிறைவாக அமையவில்லை. படிப்படியாகக் கூடும் மதிப்பை ‘ஏறுவெகுமதி’ எனலாம். தவறினால் முதல் மதிப்புக்கு இறங்குவதை, பரமபதத்தில் பாம்பு வாயில் பட்டவன் இறங்குவதுபோல, ‘சறுக்கல்’ என்று சொல்லத்தான் முதலில் நாக்கு வருகிறது. ஆனால் ‘சறுக்கல்’ என்பதை ‘லாப்ஸ்’ என்பதற்கு, அதாவது ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிடுவதற்கு, நாம் முன்பே கொடுத்துவிட்டோம். ஒன்று நோயாளியின் செயல், மற்றது திட்ட விதிமுறையின் செயல். இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. ‘முதற்படி இறக்கம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். பாம்பு இறக்கிய பிறகும் பழைய கட்டத்துக்குத் திரும்ப ஐந்து மாதிரிகள் என்ற வழி இங்கே இருப்பதால், அந்தத் திரும்பலுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘மீட்பு’ என்பது நோயிலிருந்து மீள்வதற்கே இருக்கட்டும். ‘படிமீட்சி’ என்றால் ஒலி நன்றாக இருக்கிறது. பொருள் விளங்குகிறதா என்று இதுவரை இம்முறையைப் பற்றிக் கேள்விப்படாத யாராவது படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினன்