தலங்கமவில் அந்த நான்கு முட்டைகள்

வெள்ளவத்தை வாசி:
போன போயா தினம் பதினொரு பேர் பறவை பார்க்கக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற தலங்கம குளத்துக்குப் போனோம். நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் வழக்கம்போல. அதை விடுங்கள். கரையோரத்தில் ஆகாயத்தாமரை மேல் ஒரு நீளவால் இலைக்கோழி படுத்திருந்தது. எழுந்தபோதுதான் முட்டைகள் தெரிந்தன. நான்கு. மினுக்கிய பழைய பித்தளை மாதிரிப் பழுப்பு. பின்னால் நின்றவர்கள் "எங்கே, எங்கே" என்று முண்டியடித்து வர, கரைச் சேறு நெகிழ்ந்து இலைகள் ஆடின. பறவை பறக்கவில்லை. ஒரு இறக்கையைத் தொங்கவிட்டு, அடிபட்டதுபோல நொண்டி நொண்டி எங்களை வேறு பக்கம் இழுத்தது. கமெராக்கள் எல்லாம் அதன் பின்னால் போயின. நான் முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காகம் வந்து மின்கம்பியில் உட்கார்ந்தது. "தள்ளி வாருங்கள்" என்று சொல்ல நினைத்தேன். கூட்டிக்கொண்டு வந்த அண்ணா அனுபவசாலி, அவரே பேசாமல் நிற்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பத்தரமுல்லைக்காரி:
தம்பி, அது தாய் இல்லை, தகப்பன். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் ஆண்தான். எனக்கு நேர்மாறாக நடந்தது. பத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகைப் பாதை, கூட்டமாக நடக்கிறோம். ஒரு சின்னப் பிள்ளை என் விரலைப் பிடித்து இழுத்தாள். புல்லுக்குள் மஞ்சள் குருகு. கழுத்தை வானத்தைப் பார்த்து நீட்டி, புல் ஆடினால் தானும் சேர்ந்து ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் யாருக்கும் சொல்லவில்லை. முன்னால் போன வயதான ஐயா ஒருவர் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

கோட்டை சதுப்பு:
அக்கா, அந்த ஐயாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் மெதுவாக வந்து பார்த்துப் போனால் குருகுக்கு ஒன்றும் ஆகாது. தம்பி சொன்னது வேறு விஷயம், அங்கே கூடு. கூட்டமாகப் போகிறவர்கள் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கூடு கண்டால் யார் முதலில் கண்டாரோ அவர் கையை உயர்த்த வேண்டும், எல்லோரும் பின்னால் போக வேண்டும், வயது பார்க்கக் கூடாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். கைபேசியில் பறவைக் குரல் போட்டு அழைக்கவே வேண்டாம். காலை ஆறு மணிக்கே அங்கே நில்லுங்கள், வெயில் ஏறினால் பாதிப் பறவை ஒதுங்கிவிடும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஊர் நடுவே இப்படி ஈரநிலம் எத்தனை பெருநகரத்துக்கு இருக்கிறது? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அனுபவம் சின்னது: தியசரு ஈரநிலப் பூங்காவில் ஈரச் சேற்றில் மீன்பிடிப் பூனையின் கால்தடம். தண்ணீர் இன்னும் அதற்குள் ஊறிக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தை வாசி:
நேற்றுத் தனியாக 177 பஸ்ஸில் ஏறி, கொஸ்வத்தையில் இறங்கித் தலங்கம குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். பழைய இடம் வெறுமை. கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு இலைக்கோழி படுத்திருந்தது. தொந்தரவு வந்தால் ஆண் முட்டைகளை நகர்த்திக்கொண்டு போகும் என்று படித்திருக்கிறேன். அதே பறவைதானா தெரியாது. வீதியோரத்திலேயே நின்று பைனாகுலரில் முக்கால் மணிநேரம் பார்த்தேன். அது எழவே இல்லை.