ஈலாண்டு மறிமானை நேரில் கண்ட அனுபவங்கள்

நைரோபியில் வசிக்கும் உறுப்பினர்:

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வருவோரில் பலர் சிங்கத்தைத் தேடும் அவசரத்தில் ஈலாண்டைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற ஆண் தோள்வரை ஏறத்தாழ 160 செ.மீ. உயரம் இருக்கும், பெருத்தவை 900 கிலோவையும் எட்டும்.

சென்ற பயணத்தில் வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தபோது, புதருக்கு அப்பாலிருந்து விரலைச் சொடுக்குவது போன்ற ஒலி சீராகக் கேட்டது. சிறிது நேரத்தில், கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல்மடிப்பான அலைதாடி அசைந்தாட, நெற்றியில் கருத்த மயிர்க்கற்றை அடர்ந்த ஓர் ஆண் ஈலாண்டு மெல்ல நடந்து வெளியே வந்தது. அது முன்காலை ஊன்றும்போதெல்லாம் அந்தச் சொடுக்கொலி எழுந்தது. முட்டியருகே தசைநாண் எலும்பின்மேல் வழுக்கி மீள்வதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. கென்யாவில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒலி தாழ்ந்து கனக்கக் கனக்க உடலும் பெரிதாக இருக்கும் என்றும், அலைதாடி வயதையும் முகத்தின் கருமை சண்டையிடும் முனைப்பையும் உணர்த்தும் என்றும் கண்டறிந்தது. கொம்பு கோத்துக் காயப்படாமலேயே எதிரியை எடைபோட்டு ஒதுங்கிக்கொள்ள இவ்வடையாளங்கள் உதவுகின்றன என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

பெண்ணுக்கும் முறுக்கிய கொம்பு உண்டு. ஆணின் கொம்பைவிட அது மெல்லியது, பெரும்பாலும் நீளமானதும்கூட. உயரத்திலுள்ள கிளைகளைக் கொம்பால் முறித்துத் தழையைத் தின்னும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு.

டர்பனில் வசிக்கும் உறுப்பினர்:

ஐயா, தங்கள் பதிவை மிகவும் விரும்பிப் படித்தேன். நான் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைச்சரிவில் ஒரு மந்தையைக் கண்டேன். நாங்கள் வெகு தொலைவில் வரும்போதே அது தலைதூக்கிப் பார்த்து, ஓட்டமும் நடையுமான பெருநடையில் விலகத் தொடங்கியது. ஈலாண்டு மற்ற மறிமான்களைப் போல வேகமாக ஓடாது. ஆனால் அந்தப் பெருநடையை நெடுநேரம் தளராமல் தொடரும். மிரண்டால் இவ்வளவு கனத்த உடலோடு நின்ற இடத்திலிருந்தே இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் தாண்டிவிடும்.

அம்மலையின் கேம் பாஸ் குகையில் தென்னாப்பிரிக்கப் பழங்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஈலாண்டு ஓவியங்களையும் வழிகாட்டியுடன் சென்று பார்த்தேன். இறக்கும் தறுவாயில் தலை தாழ்ந்து, பின்கால்கள் பின்னிக்கொண்ட ஓர் ஈலாண்டின் வாலை ஒருவர் பற்றி நிற்கிறார். அவருடைய கால்களும் அவ்வாறே பின்னியிருக்கின்றன. இவ்விலங்கைத் தலைமுறை தலைமுறையாக அருகிருந்து கவனித்தவர்களால்தான் அப்படி வரைய முடியும்.

காணச் செல்வோர் அதிகாலையிலேயே புறப்படுவது நல்லது. வெயில் ஏறினால் இவை நிழலில் ஒதுங்கிவிடும்.