பொருள்: 'பிரீஃபார்ம்' - வியாழன் காலைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

சேலம், பாலிடெக்னிக் ஆசிரியை:
வணக்கம். வியாழக்கிழமை ஒளியிழைப் (ஆப்டிகல் ஃபைபர்) பாடம். முப்பரிமாண அச்சு முறையிலும் கண்ணாடி இழையை நேராக அச்சிடுவதில்லை. சிலிக்காத் துகள் கலந்த பிசினை அச்சில் அடுக்கடுக்காக இறுக்கித் தடித்த தண்டாக்கி, சூட்டில் பிசினைப் போக்கி, அப்புறம் உலையில் இளக்கி முடிபோல் இழுக்கிறார்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவில் செய்து காட்டினார்கள். அந்தத் தண்டுதான் 'பிரீஃபார்ம்'. 'முன்வடிவம்' என்றால், "வரைபடமா மேடம்?" என்கிறார்கள் பசங்க.

ஏற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'பன்னல்' இருக்கிறதே! பஞ்சின் பழம்பெயர். பஞ்சிலிருந்து இழை. நன்னூலும் சொல்லைப் பஞ்சாக்கிப் பனுவலை இழையாக்குகிறது. பன், பன்னல், பனுவல்... மலையில் கரண்ட் போய்விட்டது. மீதி பிறகு.

அஸ்தம்பட்டி, மொழிபெயர்ப்பாளர்:
பன்னல் என்றால் பையன்கள் பன்னீர் என்பார்கள். பிரீஃபார்ம் என்றே விடலாமே? பஸ்ஸை அப்படித்தானே விட்டோம்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை:
நாங்கள் வெள்ளியை உருக்கிக் கட்டியாக ஊற்றித்தான் கம்பி இழுக்கிறோம். 'இழைக்கட்டி' என்று வையுங்கள் மேடம்.

ஆசிரியை:
அண்ணா, உங்கள் கம்பி அச்சுத்துளையில் நுழைந்து மெலிகிறது. இதற்குத் துளையே கிடையாது. 2000 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகி, பாகு கம்பிப் பதத்தில் இறங்குவதுபோல் இறங்கும். 25 மி.மீ. தண்டு 125 மைக்ரான் இழையானால் விட்டம் 200 மடங்கு சுருங்கும், நீளம் 40,000 மடங்கு கூடும். ஒரு மீட்டர் தண்டு 40 கி.மீ.; ஏற்காட்டில் ஐயா வீட்டு வாசல் தாண்டியும் மிச்சம் இருக்கும்! தண்டில் ஒளி செல்லும் உள்ளகமும் அதைச் சுற்றிய உறையும் எந்த விகிதமோ, இழையிலும் அதே விகிதம். அதனால் 'தாய்த்தண்டு'?

தமிழாசிரியர்:
கன்றை வெட்டினாலும் தாய்வாழை நிற்கும். இங்கே தண்டே இழையாகித் தீர்கிறது. தாய் எங்கே?

மொழிபெயர்ப்பாளர்:
சரி, 'இழைத்தண்டு'. ஆளை விடுங்கள்.

தமிழாசிரியர்:
பொற்குடம் பொன்னால் ஆன குடம். இழைத்தண்டு இழையால் ஆன தண்டா?

பட்டறை:
விதைநெல் விதையால் ஆன நெல்லா ஐயா?

ஆசிரியை:
புதன் இரவு மணி பதினொன்று. மூவர் இழைத்தண்டு, ஐயா மட்டும் பன்னல். நாளை கரும்பலகையில் இழைத்தண்டு, பக்கத்திலேயே பிரீஃபார்ம். நன்றி.

தமிழாசிரியர், வியாழன் காலை 5.40:
கரண்ட் வந்தது. பன்னல், தொடர்ச்சி: