மாமியாருக்கு இழுப்பு, கூடத்தில் மணல்: கடலூர் வீட்டுக்கு எந்த வேக்குவம் கிளீனர் பொருந்தும்?

கேள்வி: மஞ்சக்குப்பம் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், மாமனார் காலத்தில் கட்டிய வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். கூடத்துக்கும் பூசையறைக்கும் ரெட் ஆக்சைடு தரை. பின்னால் சேர்த்துக் கட்டிய இரண்டு படுக்கையறைகளுக்கு டைல்ஸ். ஒவ்வோர் அறை வாசலிலும் நிலைப்படி உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தால் கடற்காற்றோடு புழுதியும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போய்வந்து, காலைக் கழுவிய பிறகும் ஒரு கைப்பிடி மணலை வீட்டுக்குள் சேர்த்துவிடுகிறார்கள்.

இதுவரை பூந்துடைப்பமும் ஈரத்துணியும் போதுமானவையாகவே இருந்தன. ஆனால் 71 வயதான மாமியாருக்கு இரண்டு ஆண்டுகளாக இழுப்புத் தொல்லை இருக்கிறது. நான் பெருக்கும்போது அவர் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாலும், இரவில் படுத்ததும் இருமல் தொடங்கிவிடுகிறது. வேக்குவம் கிளீனர் வாங்கலாம் என்று கடையில் விசாரித்தபோது மூன்று வகைகளைக் காட்டினார்கள்: 20 லிட்டர் தொட்டியும் 1,600 வாட் மோட்டாரும் கொண்ட ஈரம், உலர் இரண்டையும் இழுக்கும் டிரம் வகை, கம்பியில்லாமல் கையில் பிடித்துப் பெருக்கும் குச்சி வகை, தானே ஓடும் ரோபோ. வாட் கூடினால் இழுவையும் கூடும் என்றார் கடைக்காரர். 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் மழையில் தெருத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டதால், தண்ணீரையும் இழுக்கும் முதல் வகையே நல்லது என்பது என் கணவரின் கருத்து. புதுச்சேரியில் இருக்கும் அவருடைய தம்பி ரோபோதான் வேண்டும் என்கிறார். எங்களால் 15,000 ரூபாய் வரை செலவிட முடியும். எதை வாங்கினால் பின்னால் வருந்த நேராது?

பதில் 1: முத்தியால்பேட்டை மோட்டார் மெக்கானிக்

வணக்கம் சகோதரி. மிக்சி, கிரைண்டர், வேக்குவம் கிளீனர் ஆகியவற்றின் மோட்டார்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கடைக்காரர் சொன்ன வாட் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது அங்கேதான். வாட் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு தூசியை இழுக்கிறது என்பதைச் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பரில் வேக்குவம் கிளீனருக்கு 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தார்கள். அதற்காக அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. விசிறியையும் காற்றுப் பாதையையும் முனையையும் திருத்தி, குறைந்த மின்சாரத்திலேயே அதே வேலையை வாங்கினார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று இழுவிசை, அதைக் கிலோபாஸ்கலில் தருவார்கள். மற்றொன்று நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று ஓடுகிறது என்பது. இழுவிசை இருந்து காற்றோட்டம் இல்லையென்றால், ஸ்ட்ராவை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சுவதைப் போலத்தான், மணல் அசையாது. ரோபோ விளம்பரத்தில் 5,000 பாஸ்கல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். அது 5 கிலோபாஸ்கல்தான். பிளக்கில் செருகி, பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சாதாரண கம்பி வகை உருளை இயந்திரமே 20 கிலோபாஸ்கல் அளவுக்கு இழுக்கும். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது வெள்ளம். உங்கள் கணவரின் எண்ணம் நியாயமானதாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து அடி அறையில் 2 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே அது ஏறத்தாழ 185 லிட்டர். 20 லிட்டர் தொட்டியை ஒன்பது பத்து தடவை தூக்கிக்கொண்டு போய் வாசலில் கொட்ட வேண்டும். நிரம்பிய தொட்டி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், வெள்ளம் வந்த அன்று உங்கள் தெருவில் கரண்ட் இருக்காது. இருந்தாலும், ஈரத்தரையில் நின்றுகொண்டு மின் இயந்திரத்தைப் பிடிக்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை கூற மாட்டேன். வாளியும் தள்ளுகட்டையும்தான் அன்றைக்கு உதவும். டிரம் வகை கார் கழுவுபவர்களுக்கும், தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், தண்ணீர்த் தொட்டியின் அடிச்சேற்றை எடுப்பவர்களுக்கும் நல்ல பொருள். உங்களுக்கு அது சுமை.

பதில் 2: லாஸ்பேட்டை மூன்றாம் மாடி

ரோபோ வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் வீடு முழுவதும் ஒரே மட்டத்தில் டைல்ஸ், நிலைப்படி கிடையாது, நாங்கள் இருவரும் காலை எட்டரை மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். எங்களுக்கு அது வரப்பிரசாதம். தினமும் மேலோட்டமான தூசியை எடுத்துவிடுவதால் ஞாயிற்றுக்கிழமை வேலை பாதியாகக் குறைந்தது.

ஆனால் உங்கள் கொழுந்தனார் சொல்வதைக் கேட்டு வாங்குவதற்கு முன்னால் ஸ்கேலை எடுத்து நிலைப்படியின் உயரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஏறும். பழைய வீட்டு நிலைப்படிகள் அதற்குக் கட்டுப்படாது. ஒவ்வோர் அறைக்கும் நீங்களே தூக்கிக்கொண்டு போய் விட வேண்டியிருக்கும். அப்படியானால் வேலை செய்வது யார், ரோபோவா நீங்களா என்ற கேள்வி வந்துவிடும். அது மெத்தையின் மேலும் சோபாவின் மேலும் ஏறாது, ஒட்டடை அடிக்காது. உருளைத் தூரிகையில் தலைமுடியும், மல்லிகைச் சரத்திலிருந்து உதிர்ந்த வாழைநாரும் சுற்றிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறை கத்தரியை வைத்து அறுத்து எடுப்பதே என் மனைவி எனக்கு ஒதுக்கியிருக்கும் வேலை.

பதில் 3: வில்லியனூர் ஆசிரியை

சகோதரி, மேலே இருவரும் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்; நான் உங்கள் மாமியாரின் இருமலைப் பற்றி எழுத விரும்புகிறேன். என் மகனுக்குத் தூசி ஒவ்வாமை இருப்பதால் இதில் நான் நிறையவே தடுக்கி விழுந்திருக்கிறேன். முதலில் துணிப்பை வைத்த மலிவான இயந்திரம் ஒன்றை வாங்கினோம். அது மணலையும் முடியையும் அழகாக எடுத்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி துணியின் இழைகளுக்குள் புகுந்து பின்பக்கக் காற்றோடு அறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. வெயில் கற்றை விழும் இடத்தில் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. துடைப்பம் தூசியைத் தாழ்வாகக் கிளப்பியது என்றால், நாங்கள் காசு கொடுத்து அதை ஆளுயரத்துக்குக் கிளப்பியிருந்தோம்.

அதனால் உங்களுக்கு முதல் தேவை, நுண்தூசியையும் பிடித்து வைக்கும் ஹெப்பா வடிகட்டி. எச்13 தரம் என்று போட்டிருந்தால், வடிகட்டுவதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களில்கூட 99.95 சதவீதத்தை அது பிடித்துவிடும். 'ஹெப்பா போன்றது' என்று பெட்டியில் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். வடிகட்டி நன்றாக இருந்தாலும், மூடியின் விளிம்பிலும் இணைப்புகளிலும் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று அந்த இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். கடையில் இயந்திரத்தை ஓடவிட்டு, பின்துளையைத் தவிர வேறெங்காவது காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, தூசி சேர்வது பையிலா டப்பாவிலா என்ற கேள்வி. டப்பா வகையில் பை வாங்கும் செலவு இல்லை. ஆனால் அதைக் குப்பைத் தொட்டியில் தட்டும்போது எழும் புழுதி, அதுவரை பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும். பயன்படுத்தித் தூக்கி எறியும் பை என்றால் வாயை மூடி அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். இழுப்புள்ளவர் இருக்கும் வீட்டுக்குப் பை வகையே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இரவில் படுத்தவுடன் இருமல் வருகிறது என்று எழுதியிருப்பதால், மெத்தையைச் சந்தேகிக்கத் தோன்றுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள் நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்பவை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. நம் கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்ட காற்றுக்கு எங்கே போவது? உயிருள்ள பூச்சிகள் நூலிழைகளைப் பற்றிக்கொள்வதால் எந்த வேக்குவம் கிளீனரும் அவற்றை முழுமையாக எடுத்துவிடாது. எடுக்கக்கூடியது அவற்றின் எச்சங்களைத்தான்; ஒவ்வாமையை உண்டாக்குபவற்றில் முக்கியமானவையும் அவையே. ஆகவே வாரம் ஒரு முறை, மெத்தைக்கான சிறு முனையைப் பொருத்தி ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாக இழுங்கள். விரிப்பையும் உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் நம் பாட்டிமார் செய்ததுபோல் மொட்டைமாடி வெயிலில் போட்டெடுங்கள். இயந்திரம் ஓடும்போதும், அதற்குப் பிறகு அரை மணி நேரமும் மாமியார் அந்த அறையில் இல்லாமல் இருப்பது நல்லது. மருந்து விஷயத்தில் மருத்துவர் சொல்வதை இது எதுவும் மாற்றாது.

கேட்டவர்: மஞ்சக்குப்பம் மருமகள்

மூவருக்கும் மிக்க நன்றி. 185 லிட்டர் கணக்கைப் படித்துக் காட்டியதும் என் கணவர் வெள்ளப் பேச்சை விட்டுவிட்டார். நிலைப்படியையும் அளந்தேன், கூடத்துக்கும் பூசையறைக்கும் நடுவில் இருப்பது ஐந்தரை சென்டிமீட்டர். ரோபோவும் போயிற்று. இப்போது கம்பியுள்ள பை வகையும் கம்பியில்லாக் குச்சி வகையும்தான் மிச்சம். மாமியார் குனிந்து நிமிர முடியாதவர் என்றாலும், குச்சி வகையாக இருந்தால் தானும் கூடத்தைப் பார்த்துக்கொள்வேன் என்கிறார். பூசையறையில் சிந்தும் விபூதியையும் வாசல் கோலமாவையும் இதிலேயே எடுக்கலாமா? எங்கள் கூடத்தில் பழைய 5 ஆம்பியர் பிளக்குகளே இருக்கின்றன, அவை தாங்குமா?

பதில் 4: முத்தியால்பேட்டை மோட்டார் மெக்கானிக்

விபூதியையும் கோலமாவையும் பற்றிக் கேட்டது மிகவும் நல்லதாயிற்று. என்னிடம் 'இழுவை போய்விட்டது' என்று வரும் இயந்திரங்களில் பாதிக்கு மோட்டாரில் கோளாறே இருக்காது. வடிகட்டி மாவு பூசி அடைத்திருக்கும். ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை சிந்தினால் பாதகமில்லை. கைப்பிடியளவு கொட்டினால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஊதுவத்திச் சாம்பலையும் சாம்பிராணித் தணலையும் எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள்; ஆறிவிட்டதாகத் தோன்றும் தணலில் உயிர் இருக்கும், பையோ காகிதம்.

பிளக்கைப் பொறுத்தவரை கணக்கு எளிது. வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 1,600 வாட் இயந்திரம் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக் சூடேறிக் கருகும். 1,000 வாட்டுக்குக் கீழுள்ள இயந்திரமாக இருந்தால் நாலரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும். வாட் அதிகம் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டால் வயரைச் சுருளாக வைக்காமல் முழுவதும் விரித்துவிடுங்கள்.

குச்சி வகை கைக்கு வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் 40 நிமிடம் என்று போட்டிருப்பது மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு; முழு வேகத்தில் வைத்தால் பத்து நிமிடத்துக்குள் மூச்சு விட்டுவிடும். நம் ஊர் வெக்கையில் லித்தியம் பேட்டரி இன்னும் சீக்கிரம் மூப்படையும். புது பேட்டரியின் விலையைக் கேட்டறியாமல் அதை வாங்காதீர்கள். உங்கள் பட்ஜெட்டில் எச்13 வடிகட்டியும் நல்ல அடைப்பும் பேட்டரியும் ஒன்றாகக் கிடைப்பது அரிது; கம்பி வகையில் அதே காசுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். மாமியாருக்கு வேலை செய்ய ஆசை இருந்தால், கம்பி வகையிலேயே நீட்டிச் சுருக்கும் குழாய் கொண்டதாகப் பாருங்கள், குனியாமல் இழுக்கலாம். ரெட் ஆக்சைடு தரைக்கு மென்மையான முடி வைத்த அகல முனை போதும். வேகமாகச் சுழலும் உருளைத் தூரிகை, வழவழப்பான தரையில் மணலை இழுப்பதைவிட அதிகமாகப் பின்னால் வீசியடிக்கும்.

இன்னொன்று: வடிகட்டி கழுவக்கூடியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுவினால் நிழலில் ஒரு நாள் முழுக்க, மழைக்காலமென்றால் இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூசணம் பிடித்து, அந்த வாடையே இருமலைக் கிளப்பும். இயந்திரத்தைப் பின்கட்டில் வைக்காமல் வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். உப்புக்காற்றுக்குத் திருகாணியும் பேரிங்கும் தப்பாது.

கேட்டவர்: மஞ்சக்குப்பம் மருமகள்

நேற்று மாலை திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு கடைகளுக்குப் போய்வந்தோம். 900 வாட், பை வகை, எச்13 வடிகட்டி, நீளும் குழாய் ஆகிய நான்கும் சேர்ந்த ஒன்று இரண்டாவது கடையில் இருந்தது. விலை எங்கள் வரம்புக்குள்தான் வருகிறது. ஓடவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பின்துளையைத் தவிர வேறெங்கும் காற்று வரவில்லை. ஆனால் மாற்றுப் பைகள் கடலூரிலேயே கிடைக்குமா, ஒரு பாக்கெட்டில் எத்தனை, என்ன விலை என்று கேட்டதற்குக் கடைக்காரரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. புதன்கிழமை விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதைக் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுவதாக இருக்கிறோம். அதற்குள், ஆசிரியை அவர்கள் எழுதியபடி மாமியாரின் மெத்தையை இன்று காலை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டோம்.