ஒன்றரை ஷிப்ட் வீடு

அனுப்பர்பாளையத்துக்காரி:

திருப்பூர் பனியன் கம்பெனியில் நான் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. வீட்டுக்காரர் பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மெஷின் வரிசையில் உட்கார்ந்து தைப்பவர். எவ்வளவு சம்பளம் என்று விசாரிக்கிற சொந்தக்காரர்கள் யாரும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டதில்லை. எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. ஷிப்மென்ட், அதாவது சரக்கு அனுப்புகிற நாள், நெருங்கினால் நடுராத்திரியும் ஆகும். வாடகை, அரிசி, ஸ்கூல் கட்டணம் எப்படியோ ஓடிவிடும். எப்போது திரும்புவோம் என்று காலையில் சொல்ல முடியாததுதான் பிள்ளையைப் படுத்தியது.

மகள் மூன்றாம் வகுப்பிலேயே கழுத்தில் சாவிக் கயிறோடு பள்ளிக்குப் போனாள். டைரியில் கையெழுத்துப் போட்டதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டி. "எப்பம்மா ஷிப்மென்ட் முடியும்?" என்று கேட்பாள், மற்ற பிள்ளைகள் லீவு எப்போது என்று கேட்பதைப் போல. காய்ச்சல் வந்தால் இன்னும் சிக்கல். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தருகிற பீஸ் ரேட்டில் ஒரு டெய்லர் வராவிட்டால் அந்த டேபிளில் எல்லோருக்கும் பீஸ் குறையும். அதனால் வீட்டுக்காரரால் லீவு போட முடியாது. நான்தான் போடுவேன், சனிக்கிழமைச் சம்பளமும் குறையும்.

1948 தொழிற்சாலைச் சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்றது. எங்களுக்கு அரை ஷிப்டுக்கு அரை நாள் சம்பளம், அவ்வளவுதான். 50 பேர் வேலை செய்தாலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. நான் இருந்த கம்பெனியில் தொட்டிலும் பொம்மையும் ஆடிட்டுக்கு, அதாவது கம்பெனியைச் சோதிக்க, ஆள் வரும் அன்று மட்டும் வெளியே வரும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதல்வர் வாபஸ் என்றாரே, அப்போது எங்கள் செக்கிங் டேபிளில் ஒரே சிரிப்பு: "இதுக்கு எதுக்குடி தனியா சட்டம்?"

ஜாப் ஒர்க் ஆள்:

அக்கா சொல்வது நிஜம். ஆனால் நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் வெவ்வேறு யூனிட்டில் நடக்கிறது. சாயத்தில் நாலு நாள் போனாலும் சரக்கு வாங்குகிற பையர் கொடுத்த தேதி நகராது. கப்பலைத் தவறவிட்டால் விமானம், அந்தச் செலவு கம்பெனி தலையில். ஆளாளுக்குத் தின்ற நாளைத் தையல்தான் ராத்திரி விழித்து ஈடுகட்டும். நான் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் கான்ட்ராக்ட் எடுத்தபோது "இன்னைக்கு நைட் உண்டு" என்று சாயங்கால டீக்குத்தான் சொல்வோம். துணி எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது.

அனுப்பர்பாளையத்துக்காரி:

சாயப்பட்டறைக்கு ஒரு போன் போட்டால் தெரியும் அண்ணா. மதியமே சொல்லியிருந்தால் பிள்ளையின் ராத்திரிச் சோற்றுக்காவது ஏற்பாடு செய்திருப்போம்.