மோல்மேனில் நான் அரிசி மூட்டையான கதை

பைக் பின்சீட்டில் உட்கார்ந்து பயந்த கதை இருந்தால் சொல்லுங்கள் என்றீர்கள். என்னுடையது 2018 மே மாதம், பர்மாவில். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போயிருந்தேன். தங்கியது மோல்மேனில். வகுப்பு, முடோன் போகிற வழியில் ஒரு கோயில் கொட்டகையில். கூட்டிப்போக ஓர் அண்ணனை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், கைலி, வாய் நிறைய கூன்யா (நம் வெற்றிலை பாக்குதான்). ஹெல்மெட் கொடுத்தார். கொக்கி உடைந்து, அந்த இடத்தில் கோயில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

தெருமுனை திரும்பியதும் கத்தினேன்: "அண்ணே, ராங் சைடுல போறீங்க!"

அவர் சரியாகத்தான் போனார். பர்மாவில் 1970லிருந்து சாலையின் வலப்பக்கம்தான். எனக்கும் தெரியும், படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் எதிரே லாரி வரும்போது உடம்புக்குத் தெரியவில்லையே! அதைவிடக் கொடுமை, அங்கே ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முந்த வேண்டுமென்றால் பாதி கார் வெளியே வந்த பிறகுதான் எதிரே யார் வருகிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியும். எதிரே வந்துகொண்டிருந்தது நாங்கள்.

வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் நான் மறுபக்கம் சாய்ந்தேன். விழாமல் காப்பாற்றுகிறேனாம். நாலாவது வளைவு தாண்டி, பாட்டிலில் பெட்ரோல் விற்கும் ஒரு கடையோரம் அண்ணன் வண்டியை நிறுத்தினார். சிவப்பாகத் துப்பிவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "டீச்சரம்மா, நான் அரிசி மூட்டையெல்லாம் ஏத்திட்டுப் போறவன். மூட்டை பயப்படாது, அதான் எதிர்ப்பக்கம் சாயாது. நீங்களும் மூட்டையா இருங்க. ப்யே ப்யே போவோம்."

ப்யே ப்யே என்றால் மெல்ல மெல்ல. அவருடைய மெல்லவும் என்னுடைய மெல்லவும் ஒன்றில்லை, அது வேறு விஷயம்.

மூட்டையானேன். கண்ணை இறுக்க மூடி, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்று நாள் போய்வந்தேன். நாலாவது நாள், "ஊரே பார்க்க வர்ற புத்தரை நீங்க தினம் கண்ண மூடிக்கிட்டே தாண்டுறீங்க" என்று வண்டியை உள்ளே திருப்பிவிட்டார். மலையோரமாகப் படுத்திருக்கிறார், சுமார் 180 மீட்டர் நீளம். அத்தனை பெரியவரைத் தவறவிட ஒரு திறமை வேண்டும்.

கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டது. தன் மழைக்கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கி என் தலைமேல் போட்டார் அண்ணன். உள்ளே ஒரே இருட்டு, வெற்றிலை வாசம். வலமா இடமா என்கிற கவலை அதோடு போயிற்று.

மறுமொழி 1

நான் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் நகருக்குள் 2003லிருந்து பைக்குக்குத் தடை. அதனால் பர்மாக்காரியான எனக்கும் உங்கள் நிலைமைதான், அக்கா. மண்டலே போனால் காய்கறி வாங்கக்கூட பைக்! சித்தி லுங்கியோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பாத்திரத்தை வைத்துக்கொண்டு போனும் பேசுவார். நான் கம்பியை விடமாட்டேன்.

மறுமொழி 2

மோல்மேனிலிருந்து மொட்டமாவுக்குப் பாலத்தில் போனதுண்டா? 2005ல் திறந்தது, தன்லுவின் ஆற்றின் மேல் மூன்றரை கிலோமீட்டர். நடுவில் காற்று ஆளைத் தள்ளும். இறங்கி நடந்தே வருகிறேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். ஓட்டிய தம்பி, "பாட்டு பாடுங்கண்ணே, சரியாயிடும்" என்றான். எனக்கு வந்தது ஒரு முருகன் பாட்டு. அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பர்மிய எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தவன். இரண்டாவது அடியில் நான் தடுமாற, அவன்தான் எடுத்துக்கொடுத்தான்.